சம்மர் கேம்ப்பில் சேர்க்கும் முன்பு கேட்டு வாங்க வேண்டியவை

பங்குனி முடிவதற்குள் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எங்கும் பேனர் ஏறிவிடும். கராத்தே, சிலம்பம், நீச்சல், ரோபோட்டிக்ஸ், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் மூன்று நாள் தங்கும் முகாம். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் அப்பா அம்மா இருவருமே வேலைக்குப் போகிற வீட்டில், மே மாதம் முழுக்கப் பிள்ளையை எங்கே விடுவது என்பது பெரிய கவலை. அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்கு அனுப்ப முடியாதவர்களுக்குக் கேம்ப்தான் வழி.

போன வருடம் என் அக்கா மகனைச் சேர்க்கப் போயிருந்தேன். படிவத்தில் டீ-சர்ட் அளவுக்கு ஒரு கட்டம் இருந்தது. பையனுக்கு வீசிங் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுத ஒரு வரிகூட இல்லை. அவனுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, மேசையில் இருந்த தம்பிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அப்புறம் நடத்துபவரிடமே கேட்டேன்: "ஏனுங்க, இங்க வேலை பார்க்கிறவங்களுக்கெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்திருக்கீங்களா?" "எல்லாம் நம்ம பசங்கதானுங்க, சின்ன வயசுலயிருந்து தெரியும்" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் சட்டத்துக்கு அந்தப் பதில் போதாது.

சம்மர் கேம்ப் என்ற பெயரில் தனிச் சட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகளில், மூன்றாவது விதியே இதைச் சொல்லிவிடுகிறது. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி, குழந்தைகளுக்கான வேறு எந்த வசதியானாலும் சரி, குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் போலீஸ் மூலம் சரிபார்த்திருக்க வேண்டும். பின்னணியையும் விசாரித்திருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்து முடித்துவிடும் வேலையும் இல்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். பாடம் நடத்துபவர், நடத்தாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவினை இதில் கிடையாது. சமையல்காரரும் வேன் டிரைவரும் வாட்ச்மேனும் இதற்குள் வருவார்கள். மே மாதத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு வரும் கல்லூரிப் பையனும் வருவான். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், அலைச்சல் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அதே விதி பயிற்சியையும் கட்டாயமாக்குகிறது. குழந்தைப் பாதுகாப்பு பற்றி ஊழியர்களுக்கு அவ்வப்போது பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். எந்தத் தொடுதல் கூடாது, பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக ஏன் இருக்கக் கூடாது, பிள்ளை ஏதாவது சொன்னால் யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டியவை. எந்தத் தேதியில், யார் வந்து நடத்தினார்கள் என்று கேளுங்கள். உண்மையாக நடத்தியவர் உடனே சொல்லிவிடுவார்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் என்ற பெயரில் மாணவிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை எல்லாருக்கும் நினைவிருக்கும். அதை நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்று பிறகுதான் வெளியே வந்தது. தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். பேனரில் பெரிய அமைப்பின் பெயரைப் பார்த்தால், அந்த அமைப்பின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது தண்ணீர். எனக்கு அதிகப் பயம் இதில்தான். கடைசி நாள் பிக்னிக் என்று கொடிவேரி அணைக்கோ வாய்க்காலுக்கோ கூட்டிப்போகிறார்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கால் கரையில் ஒரு முறை நின்று பாருங்கள். மேலே பார்த்தால் அமைதியாகத்தான் ஓடும். சரிவான காங்கிரீட்டில் தண்ணீர் தொடும் இடமெல்லாம் வழவழவென்று பாசி. கால் வழுக்கினால் பிடித்து ஏற எதுவும் இருக்காது. நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதுகில் சுரைப்புருடை கட்டி, கூடவே மாமனோ சித்தப்பாவோ தண்ணீரில் இறங்கியிருப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். நாற்பது பிள்ளைகளை இரண்டு பேரை நம்பி ஆற்றுக்கு அனுப்புவதற்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீச்சல் குளம் என்றால், பயிற்சியாளர் தவிர கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் வேண்டும். மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு ஊத வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதைக் கையால் செய்து பழகாமல் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகின்றன.

தோட்டத்தில் தங்கும் முகாம் என்றால் பாம்புக்கடியும் உண்டு. கயிறு கட்டாமல், கீறிவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வண்டியும் டிரைவரும் ராத்திரி அங்கேயே இருப்பார்களா என்று கேளுங்கள்.

வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுகிற மாதம் அது. பகல் 12 முதல் 3 மணி வரை மைதானப் பயிற்சி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சாப்பாடு கொடுப்பவரின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணைக் கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு வெள்ளை போர்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது, மஞ்சள் போர்டுதான்.

அடி, வெயிலில் முட்டி போட வைப்பது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது போன்ற கொடுமைகளுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்ற நிறுவனத்தின் ஊழியரே செய்தால் 5 வருடம் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பாலியல் தொந்தரவு என்று பிள்ளை சொன்னால் கேம்ப்காரரிடம் பேசித் தீர்க்கப் போகாதீர்கள். போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன் ஊழியர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கு ஒரு வருடம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள் என்று பயப்படவும் வேண்டாம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். வருகிற அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும். பிள்ளையின் பெயர் வெளியே வராது. முதல் போன் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போட்டாலும் சரி, அவசர உதவி எண்ணான 112-க்குப் போட்டாலும் சரி. கேம்ப்புக்கு அனுப்பும் முன் இந்த இரண்டு எண்களையும் பிள்ளைக்கே மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.