விரிவான தடையா, முழுத்தடையா?

எந்த நாடும் அணுவெடிப்பு நடத்தக் கூடாது என்கிற 1996 உலக ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 'காம்ப்ரிஹென்சிவ் நியூக்ளியர் டெஸ்ட் பேன் ட்ரீட்டி', சுருக்கமாக சிடிபிடி. போட்டித் தேர்வுக் கையேடுகளில் இதற்கு 'விரிவான அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். ராயபுரத்தில் என் மாலை வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். "விரிவானன்னா என்னம்மா?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "டீடெய்லா எழுதுன ஒப்பந்தம் சார்" என்றாள். அவள் மேல் குற்றமே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலப் பெயரில் இருக்கிற 'காம்ப்ரிஹென்சிவ்' இலத்தீனிலிருந்து வந்த சொல். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது என்பது வேர்ப்பொருள். எதையும் விடாதது என்று கருத்து. 'விரி' என்பதோ பரப்புவது. எவ்வளவு விரித்தாலும் அதற்கு அப்பால் இடம் மிஞ்சும்.

இந்த ஒப்பந்தத்தின் உயிரே எதையும் மிச்சம் வைக்காததில்தான் இருக்கிறது. இதற்கு முன் வந்த 1963 அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி மூன்றிலும் சோதனையைத் தடுத்தது; நிலத்தடியை விட்டுவிட்டது. காசிமேட்டில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்க, ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகுமே, அந்த மாதிரி. 1963 ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த இந்தியா 1974-இல் பொக்ரானில் நிலத்தடியில்தான் வெடித்தது. அந்த வழியையும் அடைத்ததுதான் 1996 ஒப்பந்தம்.

'ஆயுத' என்பதும் மூலப்பெயரில் இல்லாத ஒட்டு. 1974 வெடிப்புக்கு இந்தியா சொன்ன பெயர் 'அமைதி வழி அணுவெடிப்பு'. அப்படிப்பட்ட வெடிப்பும் கூடாது என்கிறது இந்த ஒப்பந்தம். 'ஆயுத' என்று நுழைத்தால் அந்தத் தடை பெயரிலேயே காணாமல் போகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறதே என்பார்கள். அங்கே சரி. சிகிச்சைப் பட்டியல் நீளம், அதற்கு எல்லையும் உண்டு. 'முழுமையான ஒப்பந்தம்' என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். முழுமை ஒப்பந்தத்துக்கா, தடைக்கா? முழு அடைப்பு, முழு ஊரடங்கு என்று அடைமொழியைச் சரியான இடத்தில் வைக்க நமக்குத் தெரியும். வண்டிக்கு 'ஃபுல் இன்சூரன்ஸ்' இருக்கா என்று கேட்கிற மெக்கானிக்குக்கூட இது தெரியும். ஆகவே 'அணுவெடிப்புச் சோதனை முழுத்தடை ஒப்பந்தம்' என்பதே என் பரிந்துரை.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் இதோடு நிற்கவில்லை. கையெழுத்திடுவது, பிறகு உள்நாட்டில் உறுதிசெய்வது இரண்டுக்குமே 'ஏற்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கா 1996-லேயே கையெழுத்திட்டது. 1999-இல் அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான செனட் அதை உறுதிசெய்ய மறுத்துவிட்டது. இந்தியா கையெழுத்தே போடவில்லை. குறிப்பிட்ட 44 நாடுகளும் உறுதிசெய்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், அது ஏன் இன்னும் முடங்கிக் கிடக்கிறது என்று படிப்பவருக்கு எப்படி விளங்கும்?