கிரெடிட் கார்டு விவரத்தைக் கொடுத்துவிட்டால்: வங்கிக்குச் சொல்லும் நேரம்தான் கணக்கு

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, கோபாலபுரம் பக்கத்துத் தமிழர்களில் பலருக்கு வீடு கேரளத்தில், வங்கிக் கணக்கு பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் இணையத்தில் கார்டு விவரத்தைக் கொடுத்துப் பணம் போனதும், எந்த மாநிலப் போலீஸிடம் போவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று குழம்பியே ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய இழப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதியைப் படித்தால்தான் புரியும்.

2017 ஜூலை 6 அன்று வெளியான அந்தச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையின் நஷ்டம் யாருடையது என்று பிரித்துச் சொல்கிறது. தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை. வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல் வேறெங்கோ கசிந்த விவரத்தால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் முழுத் தொகையும் திரும்பும். 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகிவிட்டால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட வரம்புக்கு 25,000. 7 வேலை நாட்களையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான்.

கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்றிலக்க எண், ஓடிபி ஆகியவற்றை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால் கதை வேறு. வங்கியிடம் புகார் செய்யும் நிமிடம் வரை போன பணம் முழுவதும் உங்கள் நஷ்டம். புகார் செய்த பிறகு போகும் பணம் வங்கியின் நஷ்டம். "நானே கொடுத்துவிட்டேன், இனி எதுவும் செய்ய முடியாது" என்று ஒதுங்கிவிடுபவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி தெரிவதில்லை. வெட்கப்பட்டு மறைத்தவர்களின் கார்டில் மறுநாளும் பணம் எடுக்கப்படுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்க முடியும் என்பதால், ஓடிபி சொல்லவில்லை என்ற நிம்மதியும் வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, கார்டின் பின்பக்கத்திலுள்ள எண்ணில் அழைத்து அதை முடக்குவது. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை நம்ப வேண்டாம். மோசடிக்காரர்கள் வலை விரிப்பதே அங்கேதான். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகாரைப் பதிவு செய்து எண் தருவது வங்கியின் கடமை. கவனக்குறைவு உங்களுடையது என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

அடுத்து 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். மாநில எல்லையான வாளையாறுக்கு இப்பக்கம், அப்பக்கம் என்ற பேதம் இதற்கு இல்லை. பணம் மோசடிக்காரர் கையில் சேருமுன் இடையில் நிறுத்திவைக்க இவ்வழியே முயல்கிறார்கள். போலீஸ் நிலையத்தில் "இது எங்கள் எல்லை அல்ல" என்று திருப்பி அனுப்பினால், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லையோரத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: வேலை நாட்களை உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் நாட்காட்டிப்படிதான் எண்ணுகிறார்கள், தகவல் வந்த நாள் நீங்கலாக. திருவோணத்துக்குக் கேரளத்துச் சித்தூரில் வங்கிகள் மூடியிருந்தாலும், உங்கள் கணக்குள்ள பொள்ளாச்சிக் கிளை திறந்திருந்தால் அந்த நாளும் எண்ணிக்கையில் சேரும்.

அனுமதியில்லாத பரிவர்த்தனை பற்றிப் புகார் செய்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். அதுவரை கிரெடிட் கார்டில் கூடுதல் வட்டிச் சுமை விழக்கூடாது. வங்கி 30 நாட்களில் பதிலே தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.