தொட்டிக் கறிவேப்பிலை ஏன் அடம்பிடிக்கிறது?

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் கத்தரி, வெண்டை, கீரை எல்லாவற்றையும் எப்படியோ எடுத்துவிடுகிறார்கள். கறிவேப்பிலையிடம்தான் தோற்கிறார்கள். "ஆறு மாசமா அப்படியே நிக்குது", "துளிர் விட்டுச்சு, அப்புறம் மஞ்சளாயிடுச்சு", "ஒரே வாரத்துல மொட்டையாயிடுச்சு." நர்சரிக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கொத்தமல்லி, புதினாவோடு சேர்த்து ஒரே வரிசையில் வைத்து, ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றி வளர்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கறிவேப்பிலை மரம். அதுவும் எலுமிச்சைக்கு உறவுக்கார மரம்.

பெயரில் வேம்பு இருந்தாலும் எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருக்கும் ரூட்டேசி குடும்பம் இதனுடையது. நம்பிக்கை வராவிட்டால் ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் வெளிச்சம் ஊடுருவும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை இலையிலும் அதே புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. தாளிக்கும்போது எழும் வாசனை அங்கே அடைபட்டிருந்ததுதான். வெயில் படாமல் வளர்ந்த செடியில் இலை பெரிதாக இருக்கும், மணம்தான் குறைவாக இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழாத பால்கனியில் இதை வைக்காமல் இருப்பதே நல்லது.

இதன் தாவரவியல் பெயரில் தரங்கம்பாடி ஒளிந்திருக்கிறது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான ஜோகான் ஜெரார்டு கோனிக் 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர். அவர் நினைவாகத்தான் லின்னேயஸ் 1771-இல் 'பெர்கெரா கோனிகி' என்று பெயர் வைத்தார். பிறகு நெடுங்காலம் 'முர்ராயா கோனிகி' என்று வழங்கி, இப்போது பழைய பெயருக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.

இணுக்கு என்பது ஓர் இலை

சமையலில் "ஒரு இணுக்கு கறிவேப்பிலை" என்கிறோமே, தாவரத்தின் கணக்கில் அந்த முழு இணுக்கும்தான் ஓர் இலை. நாம் இலை இலையாக உருவிப் போடுவதெல்லாம் அந்த ஒற்றை இலையின் துண்டுகள், சிற்றிலைகள். இது வெறும் தகவல் என்று தள்ளிவிட வேண்டாம், பறிக்கும் முறையே இதில்தான் இருக்கிறது. அடுத்த கிளைக்கான மொட்டு, இணுக்கு தண்டோடு சேரும் கணுவின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும். சிற்றிலைக்கு அடியில் மொட்டு எதுவும் கிடையாது. அவசரத்துக்கு நாலு சிற்றிலையைச் செடியிலேயே உருவிக்கொண்டால் மிச்சக் காம்பு காய்ந்து தொங்கும், அந்த இடத்தில் எதுவும் முளைக்காது. இணுக்கைக் கீழ்நோக்கிப் பிய்த்து இழுத்தாலோ பட்டையோடு மொட்டும் சேர்ந்து வந்துவிடும்.

சரியான முறை நுனியிலிருந்து தொடங்குவது. செடி முக்கால் முழம், ஒரு முழம் உயரம் வந்ததும், ஒரு கணுவுக்கு மேலே கால் அங்குலம் விட்டு நுனியைக் கத்தரியால் வெட்டுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் கீழ்க் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை வெடிக்கும். அவை ஒரு சாண் நீண்டதும் அவற்றின் நுனியையும் அதேபோல் வெட்டுங்கள். வெட்டிய நுனிதான் அன்றைய ரசத்துக்கு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். நுனியில் வெள்ளைப் பூங்கொத்து தெரிந்தால் கிள்ளிவிடுங்கள். பூ கிளையின் உச்சியில் வருவதால், பூத்த கிளை அதற்கு மேல் இலை விடாமல் நின்றுவிடும். விதை வேண்டுமென்றால் மட்டும் ஒரு கொத்தை விட்டு வைக்கலாம்.

விதையிலும் ஒரு விசேஷம் உண்டு. கத்தரி, மிளகாய் விதைபோல் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் இது செத்துவிடும். ஈரம் போனால் உயிர் போகும் வகை. கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி நீக்கி, அன்றைக்கோ மறுநாளோ அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். மூன்று வாரம் அளவில் முளைக்கும். இணையத்தில் பாக்கெட்டில் விற்கும் உலர்ந்த கறிவேப்பிலை விதைக்குக் காசு கொடுப்பது வீண்.

பெரும்பாலோர் செய்வது பக்கத்து வீட்டு மரத்தடியில் முளைத்த கன்றைப் பிடுங்கி வருவது. அதில் பல விதைக் கன்றே அல்ல, தாய்மரத்து வேரிலிருந்து கிளம்பிய வேர்க்கன்று. அதற்குச் சொந்தமாக வேர் பெரிதாக இருக்காது, தாயின் வேரில்தான் குடித்துக்கொண்டிருக்கும். இழுத்துப் பிடுங்கினால் நாலே நாளில் வாடும். மழைக்காலமாகப் பார்த்து, கன்றுக்கும் தாய்மரத்துக்கும் நடுவே மண்வெட்டியை நேராக இறக்கி இணைப்பு வேரை மட்டும் வெட்டிவிட்டு, கன்றை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து, தன் வேர் பிடித்தபின் மண்ணோடு தோண்டி எடுத்தால் பிழைக்கும்.

தொட்டியும் மண்ணும்

முதல் வருடத்துக்கு 12 அங்குலத் தொட்டி, பிறகு 18 அங்குலம். நேரே பெரிய தொட்டியில் சின்னக் கன்றை வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுஉரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அடித் துளைமேல் ஓட்டுச்சில்லு ஒன்று போதும். வடிகாலுக்காக அடியில் ஒரு சாண் ஜல்லி கொட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது, எல்லையிலேயே தேங்கும். ஈரம் தங்கும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவுதான் பலன்.

தொட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் மேல் ஏற்றுங்கள். கத்திரி வெயிலில் தரைச் சூடு வேரை வேகவைக்கும்.

மஞ்சளாவது எந்த இலை?

"மஞ்சளாகுது, என்ன உரம் போடலாம்?" என்ற கேள்விக்கு இந்தப் பதில் கேள்வி இல்லாமல் யார் மருந்து சொன்னாலும் வாங்காதீர்கள்: மஞ்சளாவது கீழே இருக்கும் பழைய இலையா, மேலே இருக்கும் கொழுந்தா?

கீழ் இலைகள் முழுசாக வெளிறி உதிர்ந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. போதாதபோது செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். 50 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் மூடி ஊறவைத்து, தெளிவை பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் தேறும்.

கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. இரும்பு அப்படி இடம் மாறாது, அதனால் புது இலைதான் முதலில் பட்டினி கிடக்கும். மண்ணில் இரும்பு இல்லாமலும் இருக்காது; உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி மண் காரத்தன்மை ஏறியிருக்கும், வேரால் எடுக்க முடியாது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் முட்டை ஓட்டுத்தூளும் அடுப்புச் சாம்பலும் போடுவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது, இரண்டுமே காரத்தைக் கூட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. அதுவரை பறிக்க வேண்டாம். மழைநீர் பிடித்து ஊற்ற வழியிருந்தால் அதைவிட நல்லது இல்லை.

புளித்த மோர் ஊற்றும் வீட்டு வைத்தியம் பலிப்பதும் இங்கேதான். அதன் புளிப்பு காரத்தைக் கொஞ்சம் தணிக்கும், புரதத்திலிருந்து சிறிது தழைச்சத்தும் கிடைக்கும். உப்புப் போடாத மோர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, மாதம் இருமுறை. கெட்டியாக ஊற்றினால் மண்மேல் பூஞ்சணம் படரும், எறும்பு வரும். மோரே உரமாகிவிடாது, புண்ணாக்கும் தொழுஉரமும் தனியாக வேண்டும்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு, இலையும் வெளிறினால் வேர் மூச்சுத் திணறுகிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

மொட்டையடிப்பது யார்?

இலைமேல் காக்கை எச்சம்போல் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். அசைந்தால் அது புழு. பறவைகளின் கண்ணில் படாமலிருக்க எச்சமாக வேஷம் போட்டிருக்கிறது. கடைசித் தோலுரிப்புக்குப் பின் பச்சை நிறத்துக்கு மாறும். விரலால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவந்த கொம்பை நீட்டி, காட்டமான வாடை விடும். இவை கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். எலுமிச்சை உறவு இவற்றுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாலைந்து புழு இருந்தால் தொட்டிச் செடி ஒரு வாரத்தில் வெறும் குச்சியாகிவிடும். மருந்து தேவையில்லை. தினம் காலையில் கொழுந்தின் மேல் மஞ்சள் முத்துப்போல் தனித்தனியாக இருக்கும் முட்டைகளைத் தேடித் துடைத்துவிடலாம். புழுவாகிவிட்டால் இணுக்கோடு எடுத்துப் பக்கத்தில் இருக்கும் எலுமிச்சை மரத்தில் விடலாம்.

உண்மையான தொல்லை கொழுந்தைச் சுருட்டும் சைலிட் பூச்சி. எள்ளளவே இருக்கும், உட்காரும்போது வாலைத் தூக்கிச் சாய்ந்து நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய அரை ஸ்பூன் காதி சோப்புக் கரைசல். நன்றாகக் குலுக்கி மாலையில் கொழுந்தின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் பசுமையாதல் நோயை இந்தப் பூச்சிதான் பரப்புகிறது. அதனால்தான் அமெரிக்க விமான நிலையங்களில் அம்மா கட்டிக்கொடுத்த பச்சைக் கறிவேப்பிலையைப் பறித்துக் குப்பையில் போடுகிறார்கள். சந்தைக் கறிவேப்பிலையில் மருந்து அதிகம் அடிக்கப்படுவதற்கும் கொழுந்துக்கு வரும் இந்தப் பூச்சிகள் முக்கியக் காரணம். கடையில் வாங்கினால் புளித் தண்ணீரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். மருந்தின் எச்சம் குறையும், முழுதாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம்.

மார்கழி, தையில் செடி அசையாமல் நிற்பது நோயல்ல, குளிரில் வளர்ச்சி மந்தப்படும். அப்போது உரம் போடாமல், தண்ணீரையும் குறைத்து விட்டுவிடுங்கள். மாசிக் கடைசியில் கவாத்து செய்து, மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய தொழுஉரம் நிரப்புங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செடியைத் தொட்டியிலிருந்து கழற்றி, சுவரோரம் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைக் கத்தரித்துத் திரும்ப வைப்பதற்கும் அதே பருவம்தான் சரி.