தொலைந்த இரண்டு கத்திகளும் சுவாஹிலி இலக்கணமும்

விஸு வ்யாங்கு விக்காலி விவிலி விமெப்பொட்டேயா.

இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். மோனை பார்த்து எழுதிய பாட்டு போல இருக்கிறது, இல்லையா? பாட்டெல்லாம் இல்லை. "என் கூரான இரண்டு கத்திகள் தொலைந்துவிட்டன" என்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் மொம்பாஸாவிலோ சான்சிபாரிலோ யாரோ சமையலறையில் நின்று சுவாஹிலி மொழியில் புலம்பினால் இப்படித்தான் ஒலிக்கும்.

கத்தி ஒன்றுதான் தொலைந்தது என்றால் புலம்பலின் ஓசையே மாறிவிடும்: கிஸு ச்சாங்கு கிக்காலி கிமோஜா கிமெப்பொட்டேயா. இப்போது வி போய்விட்டது, எங்கு பார்த்தாலும் கி. ச்சாங்கு மட்டும் வேறு மாதிரி தெரிகிறதே என்றால், அதுவும் கி + ஆங்கு சேர்ந்து திரிந்ததுதான். பன்மையில் வி + ஆங்கு வ்யாங்கு ஆனது போல.

சுவாஹிலியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஏதாவது ஒரு வகுப்பைச் சேர்ந்தது. கத்தி இருப்பது 'கி-வி' வகுப்பில்: ஒருமைக்குக் கி, பன்மைக்கு வி. பெயர்ச்சொல் அணிந்த சீருடையையே அதைச் சார்ந்த சொற்களும் அணிய வேண்டும். தமிழில் 'கத்திகள் தொலைந்தன' என்று பெயரும் வினையும் மட்டும் ஒத்துப்போனால் போதும், 'கூரான', 'இரண்டு' இரண்டும் மாறாமல் நிற்கும். அங்கே அந்தச் சலுகை கிடையாது.

அகராதியைப் புரட்டும்போது இதை மறந்தால் மாட்டிக்கொள்வோம். விக்காலி என்று தேடினால் கிடைக்காது. முன்னால் இருப்பதைக் கழற்றிவிட்டுக் 'காலி' என்று தேட வேண்டும். (நம் ஊர்க் 'காலி' இல்லை, கூர்மை.) நான் ஆரம்பத்தில் வகரப் பக்கங்களிலேயே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சொல் வரிசையையும் கவனியுங்கள். கத்திகள், என், கூரான, இரண்டு. பெயர் முதலில், அடைமொழிகள் பின்னால். நமக்கு நேர் எதிர். இந்தக் கண்ணாடி விளையாட்டு வினைச்சொல்லுக்குள் இன்னும் அழகாக நடக்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியது நினைவிருக்கிறதா? 'படித்தேன்' என்றால் படி பகுதி, நடுவில் காலம் காட்டும் இடைநிலை, கடைசியில் 'நான்' என்பதைச் சொல்லும் ஏன் விகுதி. சுவாஹிலியில் 'நிலிஸோமா' என்பார்கள்: நி என்றால் நான், லி இறந்தகாலம், ஸோமா படி. வலமிருந்து இடமாக வாசித்தால் நம் படித்தேன்! லியை எடுத்துவிட்டு ட்ட வைத்தால் 'நிட்டஸோமா', படிப்பேன். ன வைத்தால் 'நினஸோமா', படிக்கிறேன். நம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வரும் மெ, ஒரு காரியம் முடிந்துவிட்டது என்று காட்டும். 'தொலைந்துவிட்டன' என்பதில் 'விட்டு' செய்யும் வேலை.

ஆனால் கண்ணாடி முழுக்க உண்மை சொல்வதில்லை. சில உறுப்புகள் நம்மைப் போலவே வேருக்குப் பின்னால்தான் ஒட்டுகின்றன. ஸோமா படி என்றால் 'ஸொமேஷா' படிக்கவை. பிக்கா சமை என்றால் 'பிக்வா' சமைக்கப்படு, 'பிக்கியா' ஒருவருக்காகச் சமை. 'நிலிக்குப்பிக்கியா' என்ற ஒற்றைச் சொல்லில் "நான் உனக்காகச் சமைத்தேன்" முழுதாக அடங்கிவிடும். இதில் நடுவே உள்ள கு தான் 'உன்'.

சரி, வெளியிலிருந்து வந்த சொற்களை இந்தச் சீருடை என்ன செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சுவாஹிலி, ஆப்பிரிக்காவின் பான்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கடலோர வணிகத்தால் அரபுச் சொற்கள் ஏராளமாகக் கலந்தது. சுவாஹிலி என்ற பெயரே கரைகளைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். புத்தகத்துக்கு அரபில் கிதாப். அதில் 'கி' வேரின் பகுதி, தனியே பிரிக்க முடியாது. சுவாஹிலி பேசியவர்களோ அதைத் தங்கள் கி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு புத்தகம் கிட்டாபு, பல புத்தகங்கள் விட்டாபு. போக்குவரத்து ரவுண்டானாவில் வைக்கப்படும் 'கீப் லெஃப்ட்' பலகையும் தப்பவில்லை. ரவுண்டானாவுக்கே கிப்பிலெஃப்டி என்று பெயர், பன்மை விப்பிலெஃப்டி. வண்டியின் மட்கார்டு 'மடிகாடி' ஆனது. 'ம' இன்னொரு வகுப்பின் பன்மை ஒட்டு என்பதால், ஒன்றே ஒன்று என்றால் வெறும் 'டிகாடி'!

எல்லா விருந்தாளிகளும் இப்படிச் சீருடை மாட்டிக்கொள்வதில்லை. ஆறு, ஏழு, ஒன்பது மூன்றும் அரபு எண்கள். எந்த வகுப்போடு வந்தாலும் மாறாது. இரண்டு கத்திக்கு 'விஸு விவிலி', ஏழு கத்திக்கு வெறும் 'விஸு ஸபா'. மேசையைக் குறிக்கும் 'மேஸா'வும் கைக்குட்டையைக் குறிக்கும் 'லேஸோ'வும் ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றுதான். இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை. நம் மேசையும் லேஞ்சியும் வந்த அதே வழி.

விலங்குகளிடம் வேறு கதை. காண்டாமிருகத்துக்குக் கிஃபாரு என்று பெயர், நீர்யானைக்குக் கிபோக்கோ. பார்த்தால் கத்தியின் வகுப்பு. ஆனால் காண்டாமிருகம் வந்துவிட்டது என்பதை 'கிஃபாரு அமெக்கூஜா' என்று, மனிதர்களுக்கு உரிய 'அ' போட்டுத்தான் சொல்ல வேண்டும். தமிழில் காண்டாமிருகம் அஃறிணை. அங்கே உயிருள்ளது, இல்லாதது என்பதுதான் கோடு. ஆகவே அது நம்மோடு ஒரே பந்தியில் உட்காருகிறது. வருவது ஆணா பெண்ணா என்பதை அந்த 'அ' சொல்லாது.

இனி அந்தச் சமையலறைக்குத் திரும்புவோம். கத்தியைத் தொலைத்தவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்: "உமெவியோனா?" உ என்றால் நீ, மெ முடிந்துவிட்டது, ஓனா பார். நடுவில் உட்கார்ந்திருக்கும் வி எது என்று இப்போது உங்களுக்கே தெரியும். பதில் வருகிறது: "ஸிஜவியோனா." ஸி 'நான் இல்லை', ஜ 'இன்னும்'. அவர் அவற்றை இன்னும் பார்க்கவில்லை.