துள்ளிசை: ‘பொப்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஓர் இளம் பாடகர் தானே வரி எழுதி, தானே மெட்டுப் போட்டு, பகிடியும் பம்பலுமாக ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டால் இரண்டு விதமான பேச்சு எழும். கேட்டவர்கள் “சோக்கான பாட்டு, ஆட வைக்குது” என்பார்கள். மேடையில் மதிப்பீடு செய்ய வருகிறவர் “இது வெறும் பொப் தானே” என்று முடித்துவிடுவார். இந்த ‘வெறும் பொப்’ என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. சொல்லின் வரலாற்றிலும் அதற்கு ஆதாரம் இல்லை.

ஆங்கிலத்தில் ‘பொப்’ என்பது ‘பொப்யுலர்’ என்பதன் சுருக்கம். அதன் வேர் இலத்தீனில் மக்களைக் குறிக்கும் ‘பொப்புலஸ்’. பலருக்கும் பிடித்த பாட்டு என்ற பொருளில் ‘பொப் சோங்’ என்ற வழக்கு 1926 அளவில் பதிவாகியிருக்கிறது. 1950களுக்குப் பிறகு அது ஒரு தனி இசைவகையின் பெயராக நிலைத்தது. வேரில் இகழ்ச்சி எதுவும் இல்லை.

தமிழகத்தில் இதை ‘பாப்’ என்று எழுதுகிறார்கள். நாங்கள் ‘பொப்’ என்கிறோம். அங்கே டாக்டர், இங்கே டொக்டர், அதே வேறுபாடுதான். 1970களில் ஈழத்தில் இந்த இசை பெரிய அலையாக எழுந்தபோது ‘பொப்பிசை’ என்ற சொல்லும் வீட்டுச் சொல்லாகிவிட்டது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவை அந்தக் காலத்துப் பாடல்கள். வன்னியின் கலியாண வீடுகளில் இன்றும் அவை ஒலித்தால் வயது பார்க்காமல் ஆட்கள் எழும்புகிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டி நிற்கும் பாட்டை ஆழமில்லாதது என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பாடல்களுக்குள் இலங்கையின் ஆட்ட இசையான பைலாவின் தாளம் ஓடுகிறது. பைலா போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்த சொல்; ‘ஆடுதல்’ என்று பொருள்படும் ‘பைலார்’ என்பதிலிருந்து பிறந்தது. ஆக, எங்களுடைய பொப்பிசைக்குப் பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தாலும் கால் ஆட்டம் வேறு வழியாக வந்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘மக்களிசை’ என்றால் நாட்டார் பாடலோடு குழம்பும். ‘மெல்லிசை’ ஏற்கெனவே வேறொன்றின் பெயர். ‘பரப்பிசை’ என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் வாயில் ஒட்டவில்லை. ஈழத்தில் பொப்பிசைக்கு வழங்கும் இன்னொரு சொல் ‘துள்ளிசை’. இதுதான் பொருத்தம் என்பது என் முடிவு. மற்றவை எல்லாம் இந்தப் பாட்டை யார் கேட்கிறார்கள், எவ்வளவு பரவியது என்று சொல்கின்றன. துள்ளிசை மட்டும் பாட்டு என்ன செய்கிறது என்று சொல்கிறது.

அதோடு இது நேற்று முளைத்த வேர் அல்ல. தமிழ் யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், ஒவ்வொரு பாவுக்கும் ஓர் ஓசை உண்டு: வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல், கலிப்பாவுக்குத் துள்ளல். துள்ளல் ஓசையைக் கலிக்கு உரியதாகத் தொல்காப்பியமே வகுத்துவைத்திருக்கிறது. அதே தொல்காப்பியம் உரியியல் என்ற பகுதியில் ‘கலி’ என்ற சொல்லுக்கு ஆரவாரம் என்று பொருள் தருகிறது. இந்தத் துள்ளல் எப்படி உண்டாகிறது? காய்ச்சீரை (‘மச்சாளே’ போல மூன்று அசை கொண்டு, ஒற்றை உயிரொலி உள்ள நேரசையில் முடிவது) அடுத்து நிரையசையில் (‘வய’ போலக் குறிலில் தொடங்கி இரண்டு உயிரொலி சேர்வது) தொடங்கும் சீர் வரவேண்டும். அதைத்தான் கலித்தளை என்பார்கள். இந்த விளக்கத்துக்காக நானே கட்டிய ஓர் அடி:

மச்சாளே வயலோரம் மழைவந்தால் குடையேது

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மச்சாளே’ நீண்டு இறங்க, ‘வய’ என்ற இரண்டு குறிலில் ஓசை அடுத்த வரப்புக்குத் தாவும் கன்றுக்குட்டி மாதிரி எழும்புகிறது. பிறகு ‘மழை’, பிறகு ‘குடை’. கீழே ஒரு மேளத்தைப் போட்டால் பாட்டு தயார்.

ஓசை மட்டுமா? கலிப்பாக்களால் ஆன சங்க நூல் கலித்தொகை. அதில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்றைப் பாருங்கள். சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய குழப்படிக்காரன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வருகிறான். தண்ணீர் கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் தாயை அழைத்துக் கத்துகிறாள். தாய் பதறி ஓடிவர, ‘தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்’ என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். கதை, பகிடி, காதல், ஒரு பொய் எல்லாம் ஒரே பாட்டுக்குள். விளையாட்டாக இருப்பதால் இதை யாரும் குறைத்து மதிப்பதில்லை.

அந்த அளவுகோலை இன்றைய பாட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும். விமர்சனத்துக்குத் தமிழில் திறனாய்வு என்கிறோம். துள்ளிசைத் தொகுப்பு ஒன்றைத் திறனாய்வு செய்பவர் வரி துள்ளுகிறதா, பகிடி உரிய இடத்தில் விழுகிறதா, எங்கள் பேச்சு அதில் கேட்கிறதா, பத்தாம் முறை கேட்டாலும் சிரிப்பு வருகிறதா என்று பார்க்கட்டும். தத்துவம் எங்கே என்று தேடுவது வேறு பாட்டுக்கு உரிய கேள்வி. அதேபோல ரசிகரும் ‘சூப்பர்’ என்பதோடு நிற்காமல் எந்த வரி பிடித்தது என்று சொன்னால், எழுதியவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆல்பத்துக்கு வன்னியில் நீண்டகாலம் ‘இறுவட்டு’ (சீடி) என்றே வழங்கியது. வட்டே இல்லாமல் யூரியூப்பில் பாட்டு வரும் இக்காலத்தில் ‘பாடல் தொகுப்பு’ என்பதே சரி. அப்புறம் ஒன்று: மெதுவாகப் போகும் சோகமான பொப் பாடல்களும் உண்டு. அவற்றைத் துள்ளிசை என்று வலிந்து அழைக்க வேண்டாம். பொப்பிசை என்றே எழுதலாம்.