கப்பலில் ஐன்ஸ்டீன்: எந்தக் கப்பல், எந்த ஆண்டு?

இந்த மாதம் இது மூன்றாவது முறை. அதே படம், அதே தலைப்பு: "நோபல் பரிசு வாங்கக் கப்பலில் செல்லும் ஐன்ஸ்டீன், 1921." இம்முறை கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். கண்காட்சிக்குப் பெரிதாகப் பிரிண்ட் வேண்டுமாம். பழைய புகைப்படங்களைச் சீர்செய்வதும் அடையாளம் காண்பதும்தான் என் பிழைப்பு. படத்தைப் போட்டுத் தருகிறேன், இந்தத் தலைப்போடு தரமாட்டேன் என்றேன். முகம் சுளித்துவிட்டுப் போனார்.

ஐன்ஸ்டீனுக்குக் கிடைத்தது 1921-ம் ஆண்டுக்கான பரிசு, சரி. ஆனால் அந்த ஆண்டு இயற்பியல் பரிசை யாருக்கும் தராமல் நிறுத்திவைத்தார்கள். அறிவித்தது 1922 நவம்பரில். அப்போது மனிதர் கிடானோ மாரு என்ற கப்பலில் ஜப்பான் போய்க்கொண்டிருந்தார். வழியில் கொழும்பில்கூட இறங்கிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் விழா நடந்த அன்றும் ஜப்பானில்தான். ஜெர்மன் தூதர்தான் அவர் சார்பில் பரிசைப் பெற்றுக்கொண்டார். நோபல் உரை 1923 ஜூலையில், அதுவும் கோதன்பர்க் நகரில். பரிசளிப்பு விழாவுக்காக அவர் கப்பலேறவே இல்லை, ஐயா!

அப்படியானால் அந்தப் படம்? ராட்டர்டாம் கப்பல், 1921 ஏப்ரல், நியூயார்க். ஜெருசலேமில் தொடங்கவிருந்த ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டப் போன பயணம். மனைவி எல்சாவும் பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான வைஸ்மனும் அருகிலேயே நிற்கிறார்கள். அவர்கள்தான் சாட்சி. ஐன்ஸ்டீனை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் எந்தக் கதையையும் ஒட்டலாம். 1930-ல் பெல்கன்லேண்ட், 1933-ல் வெஸ்டர்ன்லேண்ட் என்று கப்பலில் அவர் நியூயார்க் வந்து இறங்கியது ஒருமுறை அல்ல. "ஐன்ஸ்டீன், கப்பல், நியூயார்க்" என்பது மட்டும் எங்களுக்குப் போதாது.

வீட்டுப் படங்களின் கதி இன்னும் மோசம். ஒருவர் தம் தாத்தா கப்பல் தளத்தில் நிற்கும் படத்தைக் கொண்டுவந்தார். பின்னால் உயிர்காப்பு வளையம் தொங்குகிறது. கப்பலின் பெயர் அதில்தான் எழுதியிருக்கும். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று யாரோ ஓரத்தை நறுக்கிவிட்டார்கள். மிஞ்சியது கடைசி மூன்று எழுத்து. படத்தின் முதுகில் இரண்டு வரி ஊதா மை இருந்திருக்கிறது. அதன்மேல் பசை தடவி அட்டையில் ஒட்டியாகிவிட்டது. "தாத்தா எந்த வருஷம் போனார்னு சொல்ல முடியுமா?" என்று கேட்கிறார். எங்கே போய்ச் சொல்ல?

தயவுசெய்து ஓரத்தை வெட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க எங்களாலும் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். பெயர் எழுதுவதானால் முதுகின் ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதித்துவிடும். ஸ்கேன் செய்யும்போது முதுகையும் சேர்த்துச் செய்யுங்கள். அப்புறம், ஸ்கேன் ஆகிவிட்டதே என்று அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று அந்த ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். தலைப்பை மாற்றிக்கொள்கிறாராம். பக்கத்தில் நிற்பவர்களை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்.