ஏ1 பெயர் சொல்லிவிட்டான் என்று பதறாதீர்கள், நகலைப் பாருங்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். தம்பி கூட்டுச்சதி வழக்கில் ஏ4, அதாவது நான்காவது குற்றம்சாட்டப்பட்டவர். குற்றப்பத்திரிகை நகல் வாங்கியாச்சா என்றால், "கையெழுத்துப் போட்டு வாங்கிட்டான் சார், பிரிச்சே பாக்கல. ஏ1தான் போலீஸ்ல இவன் பேரைச் சொல்லிட்டானே, இனிமே என்ன இருக்கு?" என்கிறார். எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்வது!

சதிகாரர்களில் ஒருவர் பேசியது மற்றவர்களுக்கு எதிராகவும் சாட்சியமாகும் என்பது உண்மைதான். பழைய சாட்சியச் சட்டத்தில் 10ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் 8. ஆனால் சதி இருந்தது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும், பேச்சு அந்தப் பொது நோக்கத்தைப் பற்றியதாக, சதி நடந்துகொண்டிருந்தபோதே பேசியதாக இருக்க வேண்டும். பிடிபட்ட பிறகு லாக்கப்பில் உட்கார்ந்து நடந்த கதையைச் சொல்வது இதில் வராது. 1940இல் மிர்சா அக்பர் வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்றைய லண்டன் மேல்முறையீட்டு மன்றம்) சொன்னது, 1999இல் ராஜீவ் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதில் வாக்குமூலங்கள் ஏற்கப்பட்டது தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவால்; சாதாரண வழக்கில் அந்த வழியே கிடையாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல், பொருள் மீட்புக்கு வழிகாட்டிய பகுதி தவிர, கொடுத்தவருக்கு எதிராகவே செல்லாது. உங்கள் தம்பிக்கு எதிராக எப்படிச் செல்லும்?

பயப்பட வேண்டியது கைதுக்கு முந்தைய போன் பேச்சுக்கும் வாட்ஸ்அப்புக்கும். நீங்கள் இல்லாத உரையாடல்கூட உங்கள் மேல் வரலாம். அரசுத் தரப்பு நாலு வரியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கும், "அவனுக்கு இது தெரியாது" என்ற ஐந்தாவது வரி போலீஸ் கைவசமே தங்கிவிடும். கேட்டால், நாங்கள் நம்பாத ஆவணத்தை ஏன் தர வேண்டும் என்பார்கள். அரசுத் தரப்பு கைப்பற்றியும் தன் வழக்குக்குப் பயன்படுத்தாத வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் தர வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியாயிற்று. பட்டியல் கையில் இருந்தால்தான் இன்ன ஆவணம் வேண்டும் என்று மனுப் போட முடியும்.

அதனால் தயவுசெய்து, "நகல்கள் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். ஜெராக்ஸ் மங்கலா, பக்கம் விட்டிருக்கிறதா, பென் டிரைவ் திறக்கிறதா? குறை இருந்தால் அன்றைக்கே நீதிமன்றத்தில் மெமோ (எழுத்துக் குறிப்பு) போடுங்கள். ஆஜரான 14 நாளுக்குள் நகல் தர வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 230ஆம் பிரிவு. நடுவர் நீதிமன்ற வாரண்ட் வழக்கில் விடுவிப்பு மனுவுக்கான (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) 60 நாள் நகல் தந்த தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, செஷன்ஸ் வழக்கென்றால் கமிட்டல் தேதியிலிருந்து, அதாவது நடுவர் வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியிலிருந்து. வழக்கறிஞரிடம் நகல் கட்டை, வாங்கிய அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்த வாய்தா வரை பீரோவில் வைக்காதீர்கள்.